ஏழில் தொடங்கிய சீட்டுக்கட்டு

எங்கள் பள்ளிக்கூடத்தில் அந்த வருடம் உயர்தர வகுப்பில் கணிதம் படித்த பெண்கள் இரண்டு பேர். ஒருத்தி நான். மற்றவள் நகரத்தில் நகை வேலை செய்யும் ஒருவரின் மகள். மீதி எல்லோரும் பையன்கள். அறுபதுகளின் பிற்பகுதி அது. மாத்தளையில் தமிழ் மொழியில் உயர்தரக் கணிதம் படிப்பவர்களுக்கு ஆசிரியர் இருந்தால் பாடம் இருக்கும். அவர் இடமாற்றம் வாங்கிக்கொண்டு போனால் கரும்பலகை மட்டும் இருக்கும்.

எங்களுக்கு வாய்த்தவர் நல்ல ஆசிரியர். வகையிடலை முழுதாக முடித்தார். தொகையிடலில் பாதிவரை வந்தார். அப்போது அவர் பல காலமாகக் கேட்டுக்கொண்டிருந்த இடமாற்றம் கிடைத்தது. மனைவியும் பிள்ளைகளும் வடக்கில் இருந்தார்கள், போய்விட்டார். யாரும் அவரைக் குறை சொல்லவில்லை. புதிய ஆசிரியர் வருவார் என்று அதிபர் சொன்னார். பரீட்சை முடியும்வரை சொல்லிக்கொண்டே இருந்தார். கணித பாடவேளையில் சரித்திர ஆசிரியர் வந்து மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து பத்திரிகை படிப்பார். சத்தம் கேட்டால் மட்டும் தலையைத் தூக்குவார்.

அந்தப் பரீட்சை எனக்கு என்னவாக இருந்தது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். வாப்பாவுக்கு நகரத்தில் மிளகும் கொக்கோவும் வாங்கி விற்கும் கடை இருந்தது. என் நானா, மூத்த அண்ணன், அந்தக் கடை லொறியில் பல்லேகமப் பக்கம் போய் மிளகு மூட்டைகளை ஏற்றி வருவார். எனக்குக் கலேவெலயில் ஒரு புடவைக்கடைக்காரரின் மகனைப் பேசியிருந்தார்கள். நான் பல்கலைக்கழகம் போக வேண்டும் என்றேன். நானா சிரித்தார். வாப்பா சிரிக்கவில்லை.

"ஒரு தரம் எழுது மகள்," என்றார். "கெடச்சா போ. நான் தடுக்க மாட்டேன். கெடைக்காட்டி கலேவெலப் பேச்ச முடிச்சிருவோம். அதுக்குப் பொறகு படிப்புன்னு கதைக்கப் போடாது."

அவர் அதை நியாயமாகச் சொன்னார். எங்கள் தெருவில் வேறெந்த வாப்பாவும் அவ்வளவுகூடச் சொல்லியிருக்க மாட்டார். நானும் அதை நியாயம் என்றே எடுத்துக்கொண்டேன்.

பையன்களுக்கு வேறு வழி இருந்தது. கண்டியில் ஒருவர் தனியாக வகுப்பு நடத்தினார். அந்த வருடங்களில் ஞாயிற்றுக்கிழமை விடுமுறை கிடையாது. வார விடுமுறை நிலவின் நான்கு கட்டங்களை ஒட்டி வரும் போயா தினத்தில்தான். போயா வந்தால் எங்கள் வகுப்புப் பையன்கள் காலை பஸ்ஸில் கண்டிக்குப் போய், பின்னேரம் திரும்பி வருவார்கள். மறுநாள் வகுப்பில் அவர்கள் பேசும் கணக்குகள் எங்கள் இரண்டு பேருக்கும் பாதி விளங்கும்.

நானும் போகலாமா என்று ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் கேட்டேன்.

"பஸ்ஸுல? கண்டிக்கு? அந்தப் பொடியன்மாரோட?" என்றார் நானா. "அப்படியே பெரதேனியா கெம்பஸுக்கும் போய், ஒரு எடமும் பிடிச்சு வெச்சிட்டு வா."

வாப்பா அவரை அதட்டவில்லை. என்னையும் அதட்டவில்லை. மீன் முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார். அதுதான் பதில்.

அதனால் பாடக்குறிப்புகளைக் கடன் வாங்கினோம். பலாபத்வலயிலிருந்து வரும் ஒரு பையன் ஒழுங்காகக் குறிப்பு எழுதுவான். கையெழுத்தும் நன்றாக இருக்கும். அவன் தருவான். சும்மா தரமாட்டான். கண்டி ஆசிரியர் கொடுக்கும் பயிற்சிகளை நான் செய்து கொடுக்க வேண்டும். தகரத் தகடொன்றின் நான்கு மூலைகளிலும் சதுரம் வெட்டி மடித்துப் பெட்டி செய்தால் எவ்வளவு வெட்டினால் பெட்டி அதிகம் கொள்ளும், கூம்புக்குள் அடங்கும் மிகப் பெரிய உருளை எது, இப்படிப்பட்ட கணக்குகள். எனக்கு அவை பிடிக்கும். கணக்கைச் சமன்பாடாக மாற்றும் இடத்தில்தான் மற்றவர்கள் தடுமாறினார்கள். அதற்குப் பிறகு வகையிட்டுப் பூச்சியத்துக்குச் சமப்படுத்துவது எல்லோராலும் முடியும். எனக்கு அந்த முதல் இடம் தெளிவாகத் தெரிந்தது. அவனுக்குத் தெரியவில்லை. ஆனால் கண்டியில் அவனுடைய விடைகளைப் பார்த்து அந்த ஆசிரியர் "இவன் எஞ்சினியர் ஆவான்" என்று சொன்னதாக அவனே வந்து சொன்னான். என்னிடமே சொன்னான். அதில் ஏதும் பிழை இருப்பதாக அவனுக்குத் தோன்றவில்லை.

இப்படி நுண்கணிதம் முழுவதையும் முடித்தோம். என் தோழிக்கு நான் சொல்லிக்கொடுத்தேன். அவளுக்கு இடைவேளையில் சொல்லிக்கொடுப்பேன், அல்லது போயா நாளில் அவள் வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொடுப்பேன். அவளுடைய அப்பா எங்கள் குடும்பத்து நகைகளைச் செய்பவர் என்பதால் அந்த வீட்டுக்கு மட்டும் நான் போகலாம். பத்து மணிக்குப் போனால் மதிய லுஹர் தொழுகை நேரத்துக்குள் திரும்பிவிட வேண்டும்.

பரீட்சை நெருங்கியபோது கண்டி வகுப்பில் நிகழ்தகவு தொடங்கினார்கள். அப்போது பலாபத்வலப் பையன் குறிப்புத் தருவதை நிறுத்திவிட்டான்.

"எனக்கே தேவைங்க," என்றான். "பரீட்சை கிட்ட வந்திருச்சு. நீங்க கெட்டிக்காரங்கதானே, கேள்வித்தாளப் பாத்தே போட்ருவீங்க."

வகுப்பில் யாரோ சிரித்தார்கள். என் தோழி அவனை ஏதோ சொல்லித் திட்டினாள். என்னிடம் அவனுக்குத் தருவதற்கு இனி ஒன்றும் இல்லை. நுண்கணிதம் முடிந்துவிட்டது.

கையில் இருந்தவை பழைய வினாத்தாள்கள். அவற்றில் வினா இருக்கும், விடை இருக்காது. பையிலிருந்து பந்து எடுக்கும் கணக்குகள் எனக்கு உடனே வந்தன. பந்து எது, பை எது என்பது யாருக்கும் தெரியும். அடுத்து வந்தது தாயக்கட்டை. ஆறு முகம், ஒன்று முதல் ஆறு வரை புள்ளிகள் என்று தெரியும். ஆனால் கையில் எடுத்துப் பார்த்ததில்லை. இரண்டு கட்டைகளை உருட்டினால் கூட்டுத்தொகை ஏழு வருவது ஏன் அதிகம் என்று எழுதிப் பார்த்தேன், விளங்கியது. நம்பத்தான் முடியவில்லை. உருட்டிப் பார்க்க வேண்டும் போலிருந்தது. உடுப்புத் தோய்க்கும் சவர்க்காரத்தில் இரண்டு கட்டைகள் வெட்டி, பேனையால் புள்ளி வைத்து, குசினித் தரையில் உருட்டிக்கொண்டிருந்தேன்.

உம்மாதான் முதலில் பார்த்தார். "யா அல்லாஹ், என்னது இது?"

"கணக்கு உம்மா."

"கணக்கா? இதையா ஒங்களுக்குப் பள்ளிக்கொடத்துல படிச்சுக் குடுக்குறாங்க?"

சத்தம் கேட்டு நானா வந்தார். குனிந்து ஒரு கட்டையைக் கையில் எடுத்து ஒவ்வொரு முகமாகத் திருப்பிப் பார்த்தார். உண்மையான கட்டையில் இருப்பதுபோல் ஒன்றுக்கு எதிரே ஆறு இருக்கிறதா என்று பார்த்திருக்கிறார் என எனக்கு இப்போது தோன்றுகிறது. அன்று தோன்றவில்லை.

"சூதாட்டச் சாமான் இந்த வீட்டுக்குள்ள வரப்போடாது," என்றார். "ஹராம். கணக்குன்னு சொல்லிட்டுக் கொண்டு வந்தாலும் ஹராம்தான்." இரண்டையும் எடுத்துக் கழுவும் தொட்டிக்குள் போட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டார்.

தாயக்கட்டை இல்லாமலும் அந்தக் கணக்குகளைச் செய்ய முடிந்தது. சீட்டுக்கட்டுத்தான் என்னை நிறுத்தியது. "நன்கு கலைக்கப்பட்ட சாதாரண சீட்டுக்கட்டு ஒன்றிலிருந்து" என்று வினா தொடங்கும். சாதாரணம் என்ற சொல்லுக்கு மேல் அவர்கள் ஒன்றும் எழுதுவதில்லை. வினாத்தாள் தயாரித்தவர்களுக்கு அது எல்லோர் வீட்டிலும் இருக்கும் பொருள். அதில் எத்தனை சீட்டு, எத்தனை வகை, ராணி எத்தனை, எதற்கு எந்த நிறம், எனக்கு ஒன்றும் தெரியாது. யாரிடமும் கேட்கவும் முடியாது. பையன்களிடம் கேட்டால் சிரிப்பார்கள். வாப்பாவிடமோ நானாவிடமோ கேட்பது பற்றி நான் யோசிக்கவே இல்லை. அவர்களுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைக்க என்னிடம் காரணம் இருக்கவில்லை.

தோழியிடம் கேட்டேன்.

"இதுக்கா இப்படி முழிக்கிற? எங்க வீட்ல இருக்குடி," என்றாள். "மாமாங்க ரெண்டு பேரும் போயாவுக்குப் போயா வெளாடுறாங்க. முன் ரூமுல ஒக்காந்தா அம்மா டீ ஊத்திக் குடுத்தே சாகணும்."

"நீ வெளாடுவியா?"

"நானா? பொம்பளப் புள்ளங்க அந்தப் பக்கம் போகக் கூடாது. டீ தட்டைக் கதவுகிட்ட வெச்சிட்டு வந்திரணும். ஆனா பாத்திருக்கேன்."

அடுத்த போயாவுக்கு அவள் மாமாமார் ஒரு கல்யாண வீட்டுக்குப் போயிருந்தார்கள். ரேடியோவுக்குப் பின்னால் இருந்த சீட்டுக்கட்டை அவள் எடுத்து வந்தாள். அரிசி மூட்டைகள் வைக்கும் அறையில் பாயைப் போட்டு உட்கார்ந்தோம். ஓரங்கள் தேய்ந்து, எண்ணெய் ஏறி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் சீட்டுகள். அவள் வகைகளைப் பிரித்துக் காட்டினாள். ஆட்டின், டைமன் இரண்டும் சிவப்பு. கிளாவர், இஸ்பேட்டு இரண்டும் கறுப்பு. ஒவ்வொன்றிலும் ராஜா, ராணி, ஜாக்கி, ஆசு, பிறகு பத்து, ஒன்பது, எட்டு, ஏழு.

நான் பாயில் வரிசையாக அடுக்கினேன். ஒரு வரிசைக்கு எட்டு. நான்கு வரிசை. முப்பத்திரண்டு.

"ஏன் ஏழுல தொடங்குது?" என்று கேட்டேன். "ஒண்டு, ரெண்டு, மூணு எங்க?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "சீட்டுன்னா அப்படித்தான். ஏழுக்குக் கீழ கெடையாது. நான் பாத்ததே இல்ல."

அவள் பொய் சொல்லவில்லை. அவள் பார்த்ததில்லை. கதவருகே டீத் தட்டை வைத்துவிட்டுத் திரும்பும்போது ஆட்டக்காரர்களின் கைகளில் இருப்பதைத்தான் பார்க்க முடியும். அதற்கு முன்னால் கட்டிலிருந்து எடுத்துத் தள்ளி வைத்தவற்றைப் பார்க்க முடியாது. நான் இன்னொரு தடவை எண்ணினேன். அவளும் எண்ணினாள். எண்ணியதில் பிழை இல்லை. எட்டு நாலு முப்பத்திரண்டு என்பது அழகாகவும் இருந்தது. இரண்டின் அடுக்கு.

அன்று மதியத்துக்குள் பழைய வினாத்தாள்களில் இருந்த சீட்டுக் கணக்குகள் எல்லாவற்றையும் செய்து முடித்தோம். எங்களிடம் சரிபார்க்க விடை இருந்தது ஒரே ஒரு கணக்குக்குத்தான். ஒரு சீட்டை எடுத்தால் அது ஆட்டினாக இருக்கும் நிகழ்தகவு என்ன என்ற கணக்கு. பையன்கள் அதைக் கரும்பலகையில் போட்டுப் பேசியதைக் கேட்டிருந்தோம். கால் என்று எழுதியிருந்தார்கள். எங்களுக்கும் கால்தான் வந்தது. முப்பத்திரண்டில் எட்டு. நாங்கள் சரியாகக் கற்றுக்கொண்டோம் என்பதற்கு அதைவிட வேறு சான்று வேண்டுமா? கட்டில் எத்தனை சீட்டு இருந்தாலும், நான்கு வகையும் சமமாக இருந்தால் அந்த விடை காலாகத்தான் வரும் என்பதை நான் பார்த்திருக்க வேண்டும். அந்த வயதில் விடை பொருந்தியதும் அடுத்த பக்கத்தைத் திருப்பிவிடுவேன். பிற்காலத்தில் பத்திரிகையில் வேலை செய்தபோது, ஒரு செய்தியை ஒரே ஒருவர் உறுதிப்படுத்தியதும் அச்சுக்கு அனுப்பியவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

பரீட்சை நாளில் நுண்கணித வினாக்கள் எனக்கு நன்றாகவே வந்தன. பகுதிகளாகத் தொகையிடும் கணக்கொன்றை மற்றவர்கள் பேனையைக் கடித்துக்கொண்டு பார்த்திருந்தபோது நான் முடித்துவிட்டேன். நிகழ்தகவு வினாவும் வந்தது. சாதாரண சீட்டுக்கட்டு ஒன்றிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு சீட்டுகள், திருப்பி வைக்காமல். இரண்டும் ஆட்டினாக இருக்கும் நிகழ்தகவு. ஒன்றாவது ராஜாவாக இருக்கும் நிகழ்தகவு. பிறகு அதையே வைத்து இன்னும் இரண்டு பிரிவுகள். முப்பத்திரண்டில் எட்டு, முப்பத்தொன்றில் ஏழு. பெருக்கிச் சுருக்கினால் நூற்றிருபத்து நான்கில் ஏழு. விடை அசிங்கமாக இருந்தது. இந்தப் பரீட்சைகளில் விடை சுத்தமாக வரும் என்று எங்கள் பழைய ஆசிரியர் சொல்லியிருந்தார். நான் பெருக்கலைத் திரும்பச் சரிபார்த்தேன். பெருக்கலில் பிழை இல்லை. அடுத்த பிரிவுக்குப் போனேன்.

வெளியே மரத்தடியில் பையன்கள் விடைகளை ஒப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஒண்ணின் கீழ் பதினேழு," என்றான் பலாபத்வலக்காரன். "சும்மா குடுத்திருக்கான். கையில வெச்ச மார்க்ஸ்."

"எங்களுக்கு ஏழின் கீழ் நூத்தி இருபத்தி நாலு," என்றாள் என் தோழி.

ஒரு நிமிடம் அவர்கள் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். பிறகு ஒருவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "டேய், முப்பத்திரண்டுடா! முப்பத்திரண்டு வெச்சுப் போட்டிருக்காங்கடா!"

"அம்பத்திரண்டுங்க," என்றான் பலாபத்வலக்காரன். அவன் மட்டும் அதிகம் சிரிக்கவில்லை. "கட்டுல அம்பத்திரண்டு. யாரு ஒங்களுக்குச் சொல்லிக் குடுத்தது?"

"எண்ணிப் பாத்தோம்," என்றேன் நான்.

அதற்கு அவர்கள் இன்னும் சிரித்தார்கள். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார்கள். தோழி அழுதாள். நான் அழவில்லை, ஏனென்றால் நான் நம்பவில்லை. அவர்கள் எங்களை ஏமாற்றுகிறார்கள் என்று நினைத்தேன். என் கையாலேயே பாயில் அடுக்கி எண்ணியிருந்தேன்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது பரீட்சை எப்படி என்று வாப்பா கேட்டார். நல்லது என்றேன். பிறகு என் வாய் நிற்கவில்லை.

"பொடியன்மார் ஒரு கட்டுல அம்பத்திரண்டு சீட்டுன்னு சொல்லுறானுங்க. பொய். முப்பத்திரண்டுதான். நான் எண்ணிப் பாத்தேன்."

நானா சோற்றைப் பிசைந்துகொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னார்: "அது முந்நூத்தி நாலுங்கிற ஆட்டம் வெளாடுற கட்டு. ரெண்டு முதல் ஆறு வரைக்கும் எடுத்து வெச்சிருவாங்க. முழுக் கட்டு அம்பத்திரண்டுதான்."

வாப்பா அவரைத் திருத்தினார். "மூணு பேர் வெளாடினா ஏழையும் எட்டையும் சேத்தே எடுத்திரணும். அப்ப இருபத்தி நாலு."

அவர் அதைத் தராசின் கல்லைப் பற்றிச் சொல்வதுபோல, பழக்கத்தில், யோசிக்காமல் சொன்னார். சொன்ன பிறகுதான் மேசையில் யாரும் அசையாமல் இருப்பதைக் கவனித்தார். உம்மாவின் கையில் அகப்பை ஆணச் சட்டிக்கு மேலே நின்றது. உம்மா என்னைப் பார்க்கவில்லை, சட்டியைப் பார்த்தார். அவருக்கும் தெரியும் என்பதை அப்போது புரிந்துகொண்டேன். கடையின் பின் அறையில், மூட்டைகளுக்கு நடுவே, போயா நாட்களில் சாமான் கணக்குப் பார்ப்பதாகச் சொல்லிவிட்டு அவர்கள் என்ன செய்தார்கள் என்பது அந்த வீட்டில் எனக்கு மட்டுமே தெரிந்திருக்கவில்லை.

"ஒங்களுக்கு எப்படித் தெரியும் வாப்பா?" என்று கேட்டேன்.

"சாப்புடு," என்றார் உம்மா.

"இல்ல உம்மா. நான் சவக்காரத்துல வெட்டினதுக்கு..."

"சாப்புடுன்னு சொன்னேன்."

நானா எழுந்து கை கழுவப் போனார். தட்டில் பாதிச் சோறு இருந்தது. வாப்பா முழுவதையும் சாப்பிட்டார்.

நான் அன்று மனதுக்குள் போட்ட கணக்கு வேறு. இந்த வீட்டில் இரண்டு பேர் ஒரே வார்த்தையில் எனக்குச் சொல்லியிருக்கலாம். வினாத்தாளை நான் மாதக்கணக்காக மேசையில் விரித்து வைத்துப் படித்தேன். அதில் சீட்டுக்கட்டு என்று தமிழில் அச்சிட்டிருந்தது. இருவருக்கும் தமிழ் படிக்கத் தெரியும்.

பெறுபேறு வந்தது. பாடங்கள் எல்லாவற்றிலும் சித்தியடைந்திருந்தேன். பல்கலைக்கழக அனுமதிக்கு அது போதவில்லை. அந்த ஒரு வினாவால்தான் போதவில்லை என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. அந்தக் காலத்தில் புள்ளிகளை யாருக்கும் காட்டுவதில்லை. தரத்தை மட்டும் அனுப்புவார்கள். கணிதத்தில் எனக்கு வந்த தரம் நான் எதிர்பார்த்ததற்கு ஒரு படி கீழே இருந்தது. அதற்கு மேல் நான் எதையும் நிரூபிக்க முடியாது. என் தோழிக்கும் கிடைக்கவில்லை. பலாபத்வலப் பையனுக்குக் கிடைத்தது. தகரப் பெட்டியும் கூம்புக்குள் உருளையும் அவனுக்கு எப்படி வந்தன என்று எனக்குத் தெரியும்.

என் தோழியின் அப்பா அவளை மறுபடியும் எழுதச் சொன்னார். அவள் மாமாமாரில் இளையவர், கதையைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, ஒதுக்கி வைத்திருந்த சின்னச் சீட்டுகளைக் கொண்டுவந்து அவள் முன்னால் போட்டாராம். "இந்தா புள்ள, மிச்சத்தையும் எண்ணிக்க," என்றாராம். அவள் அதை என்னிடம் சொன்னபோது சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. இரண்டாம் முறை எழுதுவதற்கு விண்ணப்பம் கோரி அறிவித்தல் வந்திருந்தது. நான் வாப்பாவிடம் போனேன். ஒரே ஒரு தரம் என்று அவர் சொன்னது எனக்கு நினைவிருந்தது. ஆனால் அன்று இரவு மேசையில் நடந்ததும் அவருக்கு நினைவிருக்கும் என்று நம்பினேன்.

மஃரிப் தொழுகைக்குப் பிறகு அவர் முன் அறையில் இருந்தார். நானாவும் இருந்தார்.

"வாப்பா, இன்னொரு தரம் எழுதுறேன். எனக்குத் தெரியாததாலதான் அந்தக் கணக்குப் பிழைச்சது. இப்பத் தெரியும்."

அவர் உடனே இல்லை என்று சொல்லவில்லை. நான் அதை நம்பிக்கைக்கு இடமென்று எடுத்துக்கொண்டேன்.

"அந்தப் பாடத்துல சூதாட்டம் கேக்குறாங்க," என்றார் மெதுவாக. "சீட்டு, தாயம். அது எங்கட வீட்டுப் புள்ளைக்குத் தேவையில்லாத படிப்பு. நான் முன்னமே யோசிச்சிருக்கணும். பிழை என்னோடதுதான்."

"நீங்க வெளாடுறீங்கதானே வாப்பா."

நானா சட்டென்று எழுந்தார். வாப்பா கையைக் காட்டி அவரை உட்கார வைத்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு ஏதாவது மிஞ்சியிருக்கும்.

"ஆம்பளைங்க நாலு எடம் போறவங்க, நாலு பேரோட பழகுறவங்க. அவங்க தெரிஞ்சிக்கிறது வேற," என்றார். "அதுக்கு நாங்க அல்லாக்கிட்ட பதில் சொல்லிக்குவோம். ஒனக்கு அந்தப் பாவம் வேணாம்."

அவர் அதை என் நன்மைக்காகச் சொன்னார். இன்றுவரை அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அவருடைய குரலில் பொய் இருக்கவில்லை. எனக்குத் தெரியாமல் இருந்ததால் தோற்றேன். தெரிந்துகொண்டதால் மறுபடியும் எழுதக் கூடாது என்றானது. இந்த இரண்டையும் அவரிடம் சேர்த்துச் சொல்ல முயன்றேன். முதல் பாதியைச் சொல்லும்போதே அவர் தஸ்பீஹ் மணியை எடுத்து உருட்டத் தொடங்கிவிட்டார்.

கலேவெலயிலிருந்து அவர்கள் வந்தார்கள். மாப்பிள்ளையின் வாப்பா, பெரியவாப்பா, இன்னும் இரண்டு பேர். பெண்கள் உள்ளே உம்மாவோடு உட்கார்ந்தார்கள். நான் நடு அறையில், திரைச்சீலைக்கு இந்தப் பக்கம். வெளியே பேசுவதெல்லாம் கேட்டது.

"புள்ள எது வரைக்கும் படிச்சது?"

"அட்வான்ஸ் லெவல் வரைக்கும்," என்றார் வாப்பா. குரலில் பெருமை இருந்தது. "பாஸும் பண்ணினது. கணக்குல சரியான கெட்டி."

"கடைக்கு நல்ல ஒதவி," என்றார் நானா.

மாப்பிள்ளையின் பெரியவாப்பாவுக்கு அது பிடித்துவிட்டது. திரைச்சீலைப் பக்கம் திரும்பிச் சத்தமாகக் கேட்டார்: "அப்ப ஒண்டு கேப்போம் மகள். கட்டு ஒண்டுல அம்பது கெஜம் சீத்தை ஈக்குது. ஒரு பாவாடைக்கு ரெண்டே முக்கால் கெஜம். எத்தன பாவாடை? மிச்சம் எவ்வளவு?"

உம்மா என் தோளைத் தொட்டார். சொல்லு என்பதற்கான தொடுகை.

"பதினெட்டு. அரைக் கெஜம் மிச்சம்."

பெரியவாப்பா வெளியே விரலைப் பிடித்து எண்ணிக்கொண்டிருக்க வேண்டும். பிறகு அவருடைய தம்பி, மாப்பிள்ளையின் வாப்பா, ஏதோ காகிதத்தில் போட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சரியாத்தான் ஈக்குது நானா."

எல்லோரும் சிரித்தார்கள். வாப்பாவின் சிரிப்புத்தான் பெரிதாகக் கேட்டது. உள்ளே இருந்த பெண்கள் என்னைப் பார்த்துத் தலையசைத்தார்கள். உம்மா தேத்தண்ணித் தட்டுகளை அனுப்பினார். அவர்கள் நாள் குறிக்கத் தொடங்கினார்கள்.

மறுபரீட்சைக்கான விண்ணப்ப முடிவுத் திகதி அன்று இன்னும் கடந்திருக்கவில்லை. அந்தக் கூட்டத்தில் அது எனக்கு மட்டும் தெரிந்திருந்தது.